அலிஸே: விசிறி இருந்தால் பழைய விமானமா?

விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றித் தமிழில் வந்த போர்க் கட்டுரைகளை நீங்களும் படித்திருப்பீர்கள். 1971 டிசம்பர் 4-ஆம் நாள் ஸீஹாக் ஜெட் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிய கதை பக்கம் பக்கமாக வரும். அதே தளத்திலிருந்து எழுந்து இரவுகளில் குண்டு வீசிய அலிஸே விமானத்துக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. அதிலும் பழைய, மெதுவான விமானம் என்ற அடைமொழி வேறு! அந்த அடைமொழியோடுதான் எனக்குச் சண்டை.

ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் ஏரியில் நீந்தக் கற்ற எவரையும் கேளுங்கள். உள்ளங்கையை விரித்து நிறைய நீரை மெல்லத் தள்ளுபவர் நெடுநேரம் நீந்துவார்; முட்டியை மடக்கிக்கொண்டு வேகமாக அடிப்பவர் சீக்கிரம் களைத்துவிடுவார். காற்றிலும் இதே கணக்குதான். நொடிக்கு 10 கிலோ காற்றை 200 மீட்டர் வேகத்தில் பின்னே தள்ளினாலும், 100 கிலோ காற்றை 20 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் உந்துவிசை 2,000 நியூட்டன்தான். ஆனால் காற்றில் வீணாக விட்டுவரும் ஆற்றல், முதல் வகையில் நொடிக்கு 2,00,000 ஜூல். இரண்டாவதில் 20,000 ஜூல். நீர்மூழ்கியைத் தேடி மணிக்கணக்காகக் கடலைச் சுற்ற வேண்டிய விமானத்துக்கு எது ஏற்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் பிரெஞ்சுப் பொறியாளர்கள் உணர்ந்திருந்தார்கள். அலிஸேயின் முன்னோடி, 1951-இல் பறந்த வல்ட்டூர் என்னும் தாக்குதல் விமானம். அதற்கு மூக்கில் விசிறி, பின்னால் ஒரு ஜெட். நீர்மூழ்கி வேட்டைக்கு அதை மாற்றியபோது அவர்கள் கழற்றி எறிந்தது விசிறியை அல்ல, ஜெட்டை! 1956-இல் பறந்த அலிஸேயின் டார்ட் எஞ்சினும் பழம்பொருள் அன்று. விசிறியைச் சுழற்றும் டர்பைன் அது. மீனம்பாக்கத்தில் வந்திறங்கிய ஆவ்ரோ விமானத்திலும் அதே டார்ட்தான்.

போர்க் கட்டுரைகள் விட்டுவிடும் இன்னொன்று, விக்ராந்தின் கொதிகலன். நீர்க்கலங்களில் விரிசல். எஞ்சிய மூன்று கொதிகலன்களுக்கும் எஃகுப் பட்டை கட்டிக்கொண்டு கப்பல் போருக்குப் போனது. மணிக்கு 25 கடல் மைல் போகக்கூடிய கப்பலுக்கு 14 தான் அனுமதி. இதனால் என்ன? கப்பலின் வேகமும் எதிர்க்காற்றும் கவண்பொறியின் வீச்சும் சேர்ந்ததே இறக்கை மேல் படும் காற்றின் வேகம். அதில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போயிற்று. மணிக்கு 160 வேண்டிய இடத்தில் 140 கிடைப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். தாங்குவிசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போய்விடும். அந்த அளவுக்குக் குண்டையோ எரிபொருளையோ குறைக்க வேண்டும், அல்லது காற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ஜெட்டுக்கும் விசிறிக்கும் இதில் ஒரே சட்டம். வீரத்தை வருணிப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தால், அந்தத் தளத்தில் வேலை செய்தவர்களின் அருமை கூடத்தானே செய்யும்?

நான் அலிஸேக்கு வக்காலத்து வாங்கவில்லை. அதே டிசம்பர் 10-ஆம் நாள், மேற்குக் கடலில் ஓர் அலிஸேயைப் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் சுட்டு வீழ்த்தியது. ஒன்று மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். மற்றது ஒலியைப் போல் இரு மடங்கு. அலிஸேயில் இருந்த மூவரும் திரும்பவில்லை. வேகம் வேண்டிய இடத்தில் வேகம் இல்லாததன் விலை அது. இதைச் சொல்லாமல் புகழ்வதும் பிழையே.

விக்ராந்தின் கவண்பொறியை அகற்றி வளைவுத் தளம் அமைத்தபின் அலிஸேக்குக் கப்பலில் இடமில்லை. 1991-இல் நம் கடற்படை அதற்கு விடை கொடுத்தது. பிரான்ஸோ 2000 வரை வைத்திருந்தது. கோவாவின் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் ஓர் அலிஸே நிற்கிறது. போனால் விசிறியோடு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். குனிந்து வயிற்றுப் பக்கம் பாருங்கள்: ஜெட்டை எடுத்துவிட்டு அவர்கள் வைத்த ராடார் அங்கேதான் இறங்கி ஏறும்.