இறுகும் கல், கரையும் பிசின்

பழைய நோட்டைப் புரட்டியபோது 2014 கொச்சி முசிறிஸ் பினாலே பற்றி எழுதி வைத்திருந்த பக்கங்கள் கிடைத்தன. ஜிதிஷ் கல்லட் ஒருங்கிணைத்த இரண்டாம் பதிப்பு அது. அன்று பார்த்தவற்றில் இரண்டு படைப்புகள்தான் இன்னும் மனசில் நிற்கின்றன. இரண்டும் தனித்தனி இடங்களில் இருந்தவை. ஒரே அறையில் எதிரெதிரே வைத்தது போல இங்கே நான்தான் சேர்த்துப் பார்க்கிறேன். இருவரும் சென்னை கவின்கலைக் கல்லூரியில் படித்தவர்கள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்.

கண்ணூர்க்காரரான வல்சன் கூர்ம கொல்லேரி எடுத்தது செம்புராங்கல். நம்ம சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் சுவருக்கு வைக்கிற அதே கல்தான். இதற்கு 1807-ல் 'லேட்டரைட்' என்று பெயர் வைத்த புக்கானனை வியக்க வைத்தது இதன் குணம். மண்ணுக்குள் இருக்கும்வரை கருவியால் சீவி எடுக்கலாம். வெளியே எடுத்துக் காற்றுப்பட்டால் இறுகிவிடும். கேப்ரல் யார்டின் திறந்தவெளியில் கட்டிய படைப்புக்கு வல்சன் வைத்த பெயர் 'ஹவ் கோஸ் தி எனிமி'. பழைய ஆங்கில வழக்கில் 'மணி என்னாச்சு?' என்று அர்த்தம். எதிரி என்பது காலம்.

திருவண்ணாமலையில் பிறந்த பெனிதா பெர்சியல் எடுத்தது குந்திரிக்கம், வெள்ளைப்போளம், மரப்பட்டைத் தூள், மசாலாப் பொருட்கள். பெப்பர் ஹவுஸில் 'தி ஃபயர்ஸ் ஆஃப் ஃபெய்த்' என்ற பெயரில் இவற்றால் ஆன கிறிஸ்தவ உருவங்களை வைத்திருந்தார். நம்ம கடைத்தெருவில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறவர் வந்துபோன பிறகு ஒரு வாசம் தங்குமே, உள்ளே நுழைந்ததும் அந்த நினைப்புதான் வந்தது. குந்திரிக்கம் என்பது மரத்தைக் கீறினால் வடியும் பிசின். காயம் ஆறுவதற்காக மரம் சுரப்பது. வாசத்துக்குக் காரணமான எண்ணெய்கள் காற்றுப்படப் பறந்துகொண்டே இருக்கும்.

இங்கேதான் விஷயம். காற்று ஒன்றை இறுக்குகிறது, இன்னொன்றைக் கரைக்கிறது. காலத்தை எதிரி என்று கேலி செய்தவர் கையில் இருப்பது காலத்தால் பலப்படும் கல். நித்தியத்தைப் பேசும் உருவங்களைச் செய்தவர் கையில் இருப்பது நாளுக்கு நாள் குறையும் பிசின். மனுஷ உடம்புக்கு எது பொருத்தம் என்று கேட்டால் நான் பெனிதா பக்கம்தான்.

குறையும் அவரிடம்தான் தெரிந்தது. முழு உருவங்களைப் பார்த்ததும் 'இது இன்னார்' என்று மனசு அடையாளம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. பொருள் பின்னால் போய்விடுகிறது. துண்டான அங்கங்கள் முன்னால்தான் வெகுநேரம் நின்றேன். காயத்திலிருந்து வந்த பிசினால் காயப்பட்ட உடம்பு. அதற்குப் பெயர்ப்பலகையே தேவைப்படவில்லை.

வல்சனின் கல்லில் அந்தத் தொந்தரவு இல்லை. அது யாருடைய உருவமும் அல்ல, வெயில் நகர்ந்தால் நிழலும் நகரும், அவ்வளவுதான். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் ஒரு வாரம் என் சட்டைப்பையில் இருந்த மாதிரி உணர்ந்தது அந்தக் குந்திரிக்க வாசத்தைத்தான்.