ஆறாம் வேற்றுமையும் சில சிறுகதைகளும்

உடைமை உணர்வைப் பற்றிய கதைகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. கணவன் சந்தேகிக்கிறான், மனைவி தன்னை நிரூபிக்கிறாள், அல்லது சாகிறாள், பிறகு அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறான். வார இதழ்கள் பல தலைமுறைகளாக விளைவித்துவரும் இந்தச் சரக்கில் கோபம் இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. உடைமை பற்றிய விசாரணை மட்டும் இல்லை. பத்திரம் சரியாக இருக்கிறதா, வில்லங்கம் ஏதும் உண்டா என்பதுதான் இவற்றின் கவலை. நிலம் ஒருவனுக்குச் சொந்தமாக இருக்கலாமா என்ற கேள்வி சார்பதிவாளர் அலுவலகத்தில் எழாததைப் போலவே இக்கதைகளிலும் எழுவதில்லை.

சட்டமும் வெகுகாலம் இதே மட்டத்தில்தான் இருந்தது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவுப்படி, பிறன் மனைவியோடு உறவு கொண்டவன் குற்றவாளி. புகார் செய்ய உரியவன் கணவன். கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. அந்தப் பெண் குற்றவாளியும் அல்ல, வாதியும் அல்ல. களவு போன பொருள். 2018 செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைச் செல்லாது என்றது. தமிழ்ச் சிறுகதை 75 வருஷம் முன்பே இந்த இடத்தைத் தாண்டிவிட்டது என்று பெருமைப்படத் தோன்றும். ஒரு சில கதைகள் தாண்டின என்பதே சரி. எப்படித் தாண்டின என்று பார்க்க நான் இலக்கணத்திடம் போகிறேன். விமர்சகன் இலக்கணத்திடம் போவது நம் வட்டத்தில் கேலிக்குரிய காரியம்; இருக்கட்டும்.

ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமை. அதை இரண்டாகப் பிரித்தார்கள். என் கை, என் குரல் – இவை தற்கிழமை, என்னிலிருந்து பிரியாதவை. என் வீடு, என் மாடு – இவை பிறிதின்கிழமை. விற்கலாம், அடகு வைக்கலாம், தொலைக்கலாம். இதைவிட வியப்பானது தொல்காப்பியத்தின் ஒரு விதி. 'கொற்றன் மகள்' என்ற தொகையைக் 'கொற்றனது மகள்' என்று விரிக்கக் கூடாது. 'கொற்றனுக்கு மகள்' என்றே விரிக்க வேண்டும். உயர்திணையில் 'அது' உருபு போய்க் 'கு' வரும். 'அது' அஃறிணை ஒருமைக்கு உரியது என்ற காரணமே இலக்கணக்காரருக்குப் போதும். இதற்கு நவீன விடுதலைப் பொழிப்புரை எழுதும் ஆசை எனக்கில்லை. ஆனால் ஒரு மனிதர் இன்னொருவருக்கு யார் என்று சொல்லும்போது மாட்டுக்கும் வீட்டுக்கும் போடும் உருபைப் போட மொழி கூசியிருக்கிறது என்பது உண்மை. நமக்கு அந்தக் கூச்சம் போய்விட்டது. 'என்னுடைய மனைவி' என்கிறோம்.

நான் சொல்ல வருவது இதுதான். சொந்தம் கொண்டாடுகிறவன் பிறிதின்கிழமையாக வைத்திருக்கிறான். சோதிப்பான், ஒதுக்குவான், மன்னிப்பான், விட்டுப் போவான். சொந்தமாக்கப்பட்டவளோ நாளடைவில் அதையே தற்கிழமையாக வாழ ஆரம்பித்துவிடுகிறாள், அவயவத்தைப் போல. பிடி இறுகும்போது இந்த வித்தியாசம் தெரிவதில்லை. விடும்போதுதான் தெரிகிறது. இந்த விஷயத்தில் நம்முடைய தேர்ந்த கதைகள் எல்லாம் விடுபடுதலின் கதைகளாக இருப்பது தற்செயல் அல்ல.

1943-இல் வந்த புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'த்தை எடுத்துக்கொள்வோம். இராமனின் பாதத் தூளியால் அகலிகை எழுந்துவிட்டாள், சாபம் முடிந்தது, அங்கேதான் கதை தொடங்குகிறது. கோதமன் கொடியவன் இல்லை என்பது முக்கியம். சபித்த குற்றவுணர்ச்சி அவனை அரிக்கிறது. அவளை எப்படித் தொடுவது, என்ன பேசுவது என்று தெரியாமல் தவிக்கிறான். அவளுக்கோ ஒவ்வொரு ஆணின் பார்வையிலும் இந்திரன். வனவாசம் முடிந்து வந்த சீதை, தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். அகலிகையின் உலகம் அங்கே சரிகிறது. தன்னை எழுப்பிய அதே இராமன், தன்னவளைப் பொருளைப் போலப் பரீட்சை செய்திருக்கிறான். மறுபடி அவள் கல்லாகிறாள். இரண்டாம் முறை அவளை யாரும் சபிக்கவில்லை என்பதை இந்தக் கதையைப் பற்றி எழுதியவர்களில் பலர் அழுத்திச் சொல்லவில்லை. முதல் கல் கோதமனின் வாக்கு. இரண்டாவது கல் அவளே. அவன் கையை எடுத்துவிட்டான். பிடி அவளுக்குள் உறைந்துவிட்டது. புராணத்தைத் தலைகீழாக்கிய சாமர்த்தியம் என்று மட்டும் இதைப் பாராட்டுவது கதையைக் குறைப்பதாகும்.

1966-இல் விகடனில் வந்த ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' கிளப்பிய புயல் எல்லோருக்கும் தெரியும். மழையில் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தாய் நீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தக் காலத்துக்கு அது பெரிய கருணை, நான் மறுக்கவில்லை. ஆனால் கழுவுவதற்கு முதலில் கறை இருக்க வேண்டும். தாய் வில்லங்கத்தை நீக்கித் தருகிறாள். சொத்து சொத்தாகவே இருக்கிறது. தவிர, அந்தத் தாய் தன் குரலில் பேசுவதைவிட ஆசிரியரின் குரலில் அதிகம் பேசுகிறாள். ஜெயகாந்தனுக்கே இதில் நிறைவில்லை போலும். 1970-இல் நூலாக வந்த 'சில நேரங்களில் சில மனிதர்க'ளில் அந்தக் குடம் நீர் கொட்டப்படாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்த்தார். அந்தச் சந்தேகத்தை நான் அவர் பிரகடனங்களைவிட மதிக்கிறேன்.

அசோகமித்திரனின் 'விமோசனம்' பிரகடனமே இல்லாத கதை. வறுமை, கைக்குழந்தை, அடிக்கும் கணவன். ஒருநாள் அவன் கை ஓங்கும்போது சரஸ்வதி ஒரே ஒரு எச்சரிக்கைச் சொல்லைச் சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான். அவன் திருப்பி அடிக்கவில்லை. பேசுவதை நிறுத்துகிறான். பிறகு வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறான். வேறொரு எழுத்தாளன் கையில் அந்தச் சொல் கதையின் உச்சமாகி, கைதட்டலோடு திரை விழுந்திருக்கும். அசோகமித்திரன் அதற்குப் பிறகுள்ள நாட்களைத்தான் எழுதுகிறார். அடி நின்றது, அடிப்பவனும் இல்லை, அவள் என்ன செய்வது? கல்லூரியில் எங்களுக்குப் பிரௌனிங்கின் டியூக்கை உதாரணமாகக் காட்டுவார்கள். இறந்துபோன மனைவியின் படத்தைத் திரைபோட்டு வைத்துக்கொண்டு, தான் இழுத்தால்தான் திரை விலகும் என்று பேசிப்பேசியே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் அந்தப் பிரபுவை. அற்புதமான வார்ப்பு. ஆனால் அவனைப் பார்த்துப் பயந்துவிட்டு, நாம் அவன் இல்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம். 'விமோசன'த்தில் உடைமைக்காரன் பேசவே இல்லை. அவனுடைய மௌனத்துக்கு அவள் வாழ்க்கை முழுக்க இடம் கொடுத்து வைத்திருந்தாள் என்பது அவன் போன பிறகு தெரிகிறது. தலைப்பின் கசப்பு அதில்தான்.

கு.ப.ரா.வின் 'விடியுமா?' இதே வரிசையில் நிற்கிறது, இன்னும் மென்மையாக. கணவன் நிலை மோசம் என்று தந்தி வந்து, தமக்கையும் தம்பியும் இரவு முழுவதும் சென்னைக்கு ரயிலில் போகிறார்கள். குஞ்சம்மாள் யாருடைய மனைவியோ அவன் கதையில் நம் முன் வருவதே இல்லை. இருக்கிறானா என்பதும் தெரியாது. ஆனாலும் அந்த இரவு முழுவதும் அவளை அவன்தான் வைத்திருக்கிறான். ஜானகிராமனின் 'பாயசம்' ஆண் பெண் கதை அல்ல என்றாலும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மகன் வாழ்வதைச் சாமநாதுவால் தாங்க முடியவில்லை. நம்மவன் என்று ஒருகாலத்தில் எண்ணியவன் நம் தயவின்றி வாழ்வதுதான் அவருக்கு ஆகவில்லை. கல்யாணப் பாயசத்தை ஜோட்டியோடு கவிழ்க்கிறார்.

சூடாமணியின் 'நான்காம் ஆசிரமம்' கொஞ்சம் வேறு. மூன்று கணவர்களைக் கடந்த ஒருத்தி, வாழ்வின் நான்காம் நிலையாகத் தனிமையைக் கேட்கிறாள். மூன்றாமவர் அறிவாளி, எல்லாம் புரிகிறது, விட மட்டும் முடியவில்லை. கதையில் தர்க்கம் சற்று முன்துருத்தி நிற்கிறது. ஆனாலும் பிடிக்கப்பட்டவளே இது பிறிதின்கிழமைதான் என்று முதலில் கண்டுகொள்ளும் கதை எனக்குத் தெரிந்து இதுதான். மற்றவர்கள் விடப்பட்டார்கள்; இவள் விடச் சொல்கிறாள்.

இவையெல்லாம் தாலியையும் தீயையும் சார்ந்த கதைகள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஒரு வங்கிக் கிளையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, இதே விஷயம் வேறு உருவில் தினமும் எதிரே வந்து நிற்கிறது. பொன்னேரிப் பக்கமிருந்தும் ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வரும் இருபது வயதுப் பெண்கள். சம்பளம் அவர்கள் பேருக்கு வருகிறது. ஏ.டி.எம். கார்டு அண்ணனின் சட்டைப் பையில். பணம் ஏறிய செய்தி அப்பாவின் போனுக்கு. நம்பரை மாற்றித் தரவா என்றால், "அண்ணன்கிட்ட கேட்டுட்டு வரேன் சார்" என்கிறாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அந்த அண்ணனே இரவு ஷிப்ட் முடியும் நேரத்தில் வண்டியோடு கம்பெனி வாசலில் காத்திருப்பவன். கார்டை வைத்திருக்கும் கைதான் அவளுக்கு டீ வாங்கித் தருவதும்.

இதைப் பற்றி வரும் கையெழுத்துப் பிரதிகளில் அண்ணன் குடிகாரனாகிறான். அவள் கார்டைப் பிடுங்கிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறுகிறாள். எனக்கு அதில் ஒரு வரியும் நம்பிக்கை தரவில்லை. அவன் நல்லவனாகவே இருக்கட்டும். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகும்போது கார்டை எடுத்து, இனி நீயே வைத்துக்கொள் என்று அவனாகவே நீட்டட்டும். அவள் அதை வாங்கி, ரகசிய எண்ணையும் அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்று சாயங்காலம் யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறாள் என்பதிலிருந்து யாராவது கதையை ஆரம்பிக்க வேண்டும்.