விடையில்லா வினாக்கள்: டச்சு மொழிப் பயணக் கைநூல்கள்

வேற்றுநாடு செல்வோர்க்கு அந்நாட்டு மொழியில் நூறு தொடர்கள் தெரிந்தாற் போதும், வழிநடை இடரின்றி முடியும் என்னும் நம்பிக்கை பழமையானது. அந்நம்பிக்கையின்மேல் எழுந்தவையே பயணக் கைநூல்கள். அவற்றுள் ஆங்கிலம் அறிந்தோர்க்கென எழுதப்பெறும் டச்சு மொழிக் கைநூல்கள் தனியே ஆராயத்தக்கவை. ஏனெனில், நெதர்லாந்து மக்களிற் பெரும்பாலோர் ஆங்கிலம் பேச வல்லவர்கள். ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒருவர் தட்டுத் தடுமாறி டச்சு மொழியில் வழி கேட்டால், விடை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வந்துவிடும். அங்ஙனமாயின் இக்கைநூல்களால் ஆகும் பயன் யாது? பயன் உண்டு. ஆனால் அது நூலாசிரியர்கள் கருதும் பயன் அன்று.

முதற்கண் இவ்வகை நூலின் பிறப்பை நோக்குதல் நலம். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட்வெர்ப் நகரில் நோயல் டி பெர்லேமோன் என்னும் பள்ளியாசிரியர் ஒருவர் வாழ்ந்தார். அவர் தம் ஊர் டச்சு மொழியையும் பிரெஞ்சு மொழியையும் அருகருகே நிறுத்தி உரையாடல் நூல் ஒன்று இயற்றினார். பத்துப் பேர் கூடியுண்ணும் விருந்து, கொள்ளலும் விற்றலும், கொடுத்த கடனைக் கேட்டல் முதலியன அதன் பொருள். அவர் மறைந்தபின் பிறர் அதனை விரித்து, ஆங்கிலம் உள்ளிட்ட ஏழெட்டு மொழிகளில் அச்சிட்டனர்.

அந்நூலின் வழித்தோன்றல் மலாய் மொழிக்கும் வந்தது. பிரடெரிக் டி ஹவுட்மன் என்னும் டச்சுக் கடலோடி 1599 முதல் 1601 வரை அச்சேயிற் சிறைப்பட்டிருந்தபோது மலாய் கற்றார். 1603இல் ஆம்ஸ்டர்டாமில் மலாய் உரையாடல்கள் அடங்கிய நூலொன்றை வெளியிட்டார். அவ்வுரையாடல்கள் பெர்லேமோன் நூலைத் தழுவி அமைந்தவை. அவை 1614இல் ஆங்கிலமும் மலாயுமாக இலண்டனில் வெளிவந்தன. ஆங்கிலேய வணிகர் மலாய் பேசக் கற்றற்கு உதவிய ஏட்டின் வேர், ஒரு பள்ளியாசிரியரின் பாடநூலில் உள்ளது என்பது ஆசிரியர்கள் மகிழத்தக்க செய்தியன்றோ?

அப்பழைய நூலில் இருவர் பேசினர். ஒருவர் விலை கேட்டார், மற்றவர் சொன்னார். இவர் மிகுதி என்றார். அவர் காரணம் காட்டினார். இன்றைய கைநூல்களிற் பெரும்பாலானவற்றில் பயணி ஒருவரே பேசுகிறார். 'புகைவண்டி நிலையம் எங்குள்ளது?' என்பதற்கு டச்சுத் தொடர் உண்டு. 'பாலத்தைக் கடந்து, இடப்புறம் திரும்பி, இரண்டாம் தெருவிற் செல்க' என்னும் விடை நூலில் இல்லை. கேட்கத் தெரிந்து, வந்த விடை விளங்காது நிற்பவன் நிலை, கேளாது நிற்பவன் நிலையினும் இரங்கத்தக்கது. இவ்வகை நூல்களின் தலையாய குறை இதுவே.

விடை விளங்காமையால் வரும் கேட்டிற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். மணி என்ன என்ற வினாவிற்கு 'ஹால்ஃப் ட்ரீ' என்று விடை வருவதாகக் கொள்க. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அரை மூன்று' என்பது பொருள். இங்கிலாந்தின் பேச்சு வழக்கில் அரையும் மூன்றும் சேர்ந்தால் மூன்றரை மணி. டச்சு மொழியிலோ அது இரண்டரை மணி. மூன்றை நோக்கிப் பாதி வழி வந்தது என்பது கருத்து. ஒரு மணி நேரம் பிறழ்ந்தால் வண்டி போய்விடும். எண்களும் இவ்வாறே. இருபத்தொன்று என்பதை அம்மொழியில் 'ஒன்றும் இருபதும்' என்பர். ஒன்று முதல் பத்து வரை பட்டியலிட்டு நிறுத்தும் நூல், கடைக்காரர் விலை சொல்லும்போது பயணியைக் கைவிட்டுவிடுகிறது.

டச்சும் ஆங்கிலமும் ஒரு குடிப் பிறந்த மொழிகள். நீர், பால், கை, நூல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் இரண்டிலும் ஒத்திருக்கும். இவ்வுறவைக் காட்டிக் கற்பவரை ஊக்குவித்தல் நன்றே. ஆனால் உறவு போலத் தோன்றி ஏய்க்கும் சொற்களும் உள. 'வீ' என்னும் ஒலி ஆங்கிலச் செவிக்கு 'நாம்' எனப்படும். டச்சில் அது 'யார்' என்னும் வினா. 'ஸ்லிம்' என்றால் ஆங்கிலத்தில் மெலிந்தவர்; டச்சில் அறிவுக்கூர்மை உடையவர். இவற்றை முன்னரே எச்சரித்தல் நூலாசிரியர் கடன்.

ஒலிப்புக் காட்டும் முறையும் ஆராயத்தக்கது. டச்சுத் தொடரின் கீழ் ஆங்கில எழுத்தால் ஒலிப்புத் தருவது வழக்கம். தொண்டையில் உரசி எழும் டச்சுக் ககரத்திற்கு ஆங்கிலத்தில் எழுத்தில்லை. வான்கோ என்று அறியப்பெறும் ஓவியரின் பெயரை ஆங்கிலேயர் 'கோஃப்' என்பர். அமெரிக்கர் 'கோ' என்பர். அவர் பிறந்த நாட்டில் அப்பெயரின் முதலும் இறுதியும் தொண்டையொலிகளே. அதுவும் வடபகுதியில் வன்மையாகவும், தென்பகுதியிலும் பெல்ஜியத்துப் பிளாண்டர்சிலும் மென்மையாகவும் ஒலிக்கும். 'அகம்', 'பகல்' என்பவற்றில் உயிர்க்கிடையே ககரம் நெகிழ்வதை அறிந்த தமிழர்க்கு அவ்வொலி முற்றும் புதிதன்று. ஏட்டெழுத்தை நம்பும் ஆங்கிலேயர்க்கோ அது கைவருவது அரிது. ஒலியைச் செவியாற் கற்க வேண்டுமேயன்றிக் கண்ணாற் கற்றல் இயலாது.

இனி, மரியாதை. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். டச்சில் 'யெய்' என்பது நீ. 'யூ' என்பது நீங்கள். ஆங்கிலம் ஒன்றே அறிந்தவர்க்கு இத்தெரிவு புதிது. தமிழர்க்கோ வீட்டு வழக்கம். 'அல்ஸ்டூப்லீஃப்ட்' என்னும் சொல்லைக் கைநூல்கள் வேண்டுகோட் சொல் என்று மட்டும் குறித்து நிறுத்துவதுண்டு. 'உங்களுக்கு விருப்பமாயின்' என்னும் தொடர் சுருங்கிப் பிறந்தது அது. கடைக்காரர் பொருளை நீட்டும்போதும் அதனையே சொல்வார். வேண்டுகோள் என்று மட்டும் கற்றவர், கொடுப்பவரே ஏன் வேண்டுகிறார் என்று திகைப்பார். தமிழிலும் பணிவு பெரும்பாலும் 'தாருங்கள்' என்னும் வினைமுடிபிலேயே அமைகிறது, தனிச்சொல் தேடுவதில்லை. பணிவு மொழிதோறும் வேறிடத்தில் வாழ்கிறது என்பதை நூல்கள் உணர்த்தல் வேண்டும்.

பட்டியலே வேண்டா என்பது கருத்தன்று. நோயுற்ற பொழுதும் பொருள் களவுபோன பொழுதும், விரலாற் சுட்டிக் காட்ட ஒரு பட்டியல் உதவும். ஆனால் அதற்கு அகராதியே அமையும். மொழி கற்பிக்கும் நூல் என்னும் பெயர் மிகை.

'நீங்கள் ஆங்கிலம் பேசுவீர்களா?' என்னும் டச்சுத் தொடரைப் பல கைநூல்கள் முதற்பக்கங்களிலேயே தருகின்றன. அது தொடக்கத்திலேயே எழுதிய முடிவுரை. அதனைச் சொன்னபின் எஞ்சிய பக்கங்கட்கு வேலையில்லை. அதற்கு மாறாக, 'டச்சு கற்றுக்கொண்டிருக்கிறேன். சற்று மெல்லப் பேசுவீர்களா?' என்னும் தொடரை முதலில் வைத்தால், உரையாடல் உயிர்பெறும். கேட்போரும் ஆங்கிலத்திற்குத் தாவாமற் பொறுத்திருக்க இடமுண்டாகும். கடையுட் புகும்போது ஒரு வணக்கம், பெறும்போது ஒரு நன்றி, மெல்லப் பேசுமாறு ஒரு வேண்டுகோள், வரக்கூடிய நாலைந்து விடைகள்: இவை நூறு வினாக்களினும் மேலானவை. ஆங்கிலம் செல்லும் நாட்டில் அந்நாட்டு மொழியைப் பேச முயல்வது தேவையால் அன்று. இல்லத்தார்க்கு விருந்தினர் காட்டும் மதிப்பால். அம்மதிப்பே இந்நூல்களின் உண்மைப் பயன்.

வகுப்பறைக்கும் இது பொருந்தும். வினாவை மட்டும் நெட்டுருச் செய்த மாணவன் பாதி மொழியே கற்றவன். மறுமொழியைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் செவியையும் அவனுக்குத் தருதல் வேண்டும். ஆண்ட்வெர்ப் ஆசிரியர் அக்காலத்திலேயே இருவரைப் பேசவைத்துத் தம் நூலை அமைத்தார். இன்றைய கைநூல்கள் அவரிடம் திரும்பச் சென்று கற்றல் நலம்.