தோட்டம் எத்திணை?

மலேசியத் தமிழ்க் கதைகளைப் பயிலும்போது, இரப்பர்த் தோட்டத்தை எத்திணையில் அடக்குவது என்னும் வினா எழுவதுண்டு. மரம் செறிந்தமையால் முல்லை என்னலாம்; பிரிவுத் துயர் மிகுந்தமையால் பாலை என்னலாம். அகிலனும் இந்நாட்டுத் தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்ட தம் நாவலுக்குப் 'பால்மரக் காட்டினிலே' என்றே பெயரிட்டார். அப்பெயர் செவிக்கு இனியது. ஆயினும் தோட்டம் காடு அன்று. காட்டை அழித்து, நிலத்தை அளந்து, எல்லைக்கல் நட்டு, உரிமையைப் பதிவேட்டில் ஏற்றிய பின்னரே மரங்கள் நிரைநிரையாக நின்றன. ஒருவர் ஒரு காலைப்பொழுதில் எத்தனை மரம் வெட்ட இயலும் என்னும் கணக்கே உள்நிலத்தைப் பகுத்தது. லயங்களும் அவ்வாறே வரிசையாக எழுந்தன.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். நிலம் யாருடையது என்பது அங்கு வினா அன்று. தோட்டத்திலோ அதுவே முதல் வினா. மருதநிலத்து ஊரை ஒப்பிட்டு நோக்குக. ஏரியும் வாய்க்காலும் வயலைப் பகுத்தன. குடியிருப்பு நத்தமாகத் தனியே நின்றது. நிலமற்றோர் சேரியில் ஒதுக்கப்பட்டனர் என்பது மறுக்கவொண்ணாத கொடுமை. எனினும் வயல் கைமாறியதனாலேயே ஊர் கலைந்துவிடவில்லை. தோட்டத்தில் லயமும் மாரியம்மன் கோயிலும் பள்ளியும் முதலாளியின் நிலத்திலேயே நின்றன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அச்சட்டத்தால் பள்ளி கிடைத்தது. பள்ளி நின்ற மண் கிடைக்கவில்லை.

ஆகவே, 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நிலத்தோடு ஊரும் சிதறியது. துண்டை வாங்கியவருக்கு மரம் வேண்டியிருந்தது. லயத்து மக்கள் வேண்டியிருக்கவில்லை. அதற்கு மாற்றாகவே 1960இல் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் தம் சிறுசேமிப்பைப் பங்காகச் சேர்த்துத் தோட்டம் வாங்க முற்பட்டனர். கிள்ளான் பள்ளத்தாக்கிலோ தோட்டங்கள் நகரங்களாயின. எஃபிங்காம் தோட்டம் பெட்டாலிங் ஜெயாவாயிற்று. சீபீல்டு தோட்டத்து நிலத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. சுங்கை ரெங்கம் தோட்டத்து மண்ணில் ஷா ஆலம் அமைந்தது.

முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அங்கு நிலத்தைத் திரிப்பது வெயில். இங்குத் திரித்தது விற்பனைப் பத்திரம். இவ்வேறுபாட்டைக் கூறாது தோட்டத்தைப் பாலை என்பது, மனிதர் செய்ததை இயற்கையின் மேல் ஏற்றுவதாகும். தோட்டக் கதையைக் கற்பிக்கும் ஆசிரியர், திணையைக் கேட்குமுன், கதைமாந்தர் உறங்கும் வீடு யார் நிலத்தில் நிற்கிறது என்று மாணவரைக் கேட்பாராக. கதையின் துயரம் எங்கிருந்து வருகிறது என்பது அவ்விடையில் விளங்கும்.