சீட்டுக் கேட்கும் ஆலயவாசல்

கட்டணம் பெற்று ஆலயத்தில் இசைக்கச்சேரி நடத்துவது தகுமா என்னும் வினா எழும்போதெல்லாம், எவ்வகை இசை ஆலயத்துக்கு ஏற்றது என்றே நாம் வாதிடத் தொடங்குகிறோம். சிக்கல் இசையில் இல்லை, இருக்கையில் உள்ளது. இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தை அடுத்து நிற்கும் தூய மார்ட்டின் ஆலயத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஜேம்ஸ் கிப்ஸ் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1722 முதல் 1726 வரை எழுப்பப்பட்ட இவ்வாலயம் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. 1821இல் கட்டி முடிக்கப்பட்ட சென்னை எழும்பூர்த் தூய அந்திரேயா ஆலயம் இதனையே முன்மாதிரியாகக் கொண்டது. முதல் உலகப்போர்க் காலத்தில் இங்குக் குருவானவராயிருந்த டிக் ஷெப்பர்ட், போர்வீரரும் வீடற்றோரும் ஒதுங்கி இளைப்பாறுமாறு கதவுகளைத் திறந்துவைத்தார். 1959இல் நெவில் மாரினரின் இசைக்குழு இங்கே தன் முதற் கச்சேரியை நிகழ்த்தியது; இசைத்தட்டுகளின் வழியே ஆலயத்தின் பெயர் உலகெங்கும் பரவிற்று. இன்று மாலை வேளைகளில் மெழுகுவர்த்தி ஒளியில் நடைபெறும் கட்டணக் கச்சேரிகளுக்குச் சுற்றுலாப் பயணிகள் திரளாக வருகின்றனர். விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ அங்கு அடிக்கடி இசைக்கப்படுகிறது.

இவ்வருவாயை இழிவாகப் பேசுதல் எளிது. ஆயினும் 2008இல் நிறைவுற்ற புதுப்பிப்புப் பணிக்கு ஏறத்தாழ 3 கோடியே 60 இலட்சம் பவுன் செலவாயிற்று என்பதை நினைவில் கொள்ளவேண்டும். 2020இல் பெருந்தொற்றினால் கச்சேரிகளும் நிலவறை உணவகமும் நின்றபோது, ஆலய வருமானத்தின் பெரும்பகுதி அற்றுப்போயிற்று. காணிக்கை மட்டும் இத்தகைய கட்டடத்தையும் பணிகளையும் தாங்காது.

விவால்டியைத் திருச்சபைக்குப் புறம்பானவர் எனத் தள்ளவும் இயலாது. அவர் 1703இல் குருப்பட்டம் பெற்றவர். வெனிஸ் நகரில், கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த பியெத்தா இல்லத்தில் வயலின் கற்பித்தவர். அவ்வில்லப் பெண்கள் சிற்றாலயத்தில் இசைத்தனர். கேட்க வந்தோரின் கொடை இல்லத்துக்கு உதவிற்று. ஆகவே ஆலய இசையால் பொருளீட்டுவது புதுமையன்று. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வெனிஸில் நகரம் கைவிட்டவர்களே இசையைத் தந்தனர். நகரம் அவர்களைத் தேடி வந்து செவிமடுத்தது. கட்டணக் கச்சேரியிலோ ஏழை, வரவுசெலவுக் கணக்கின் ஒரு வரியாகச் சுருங்கிவிடும் அபாயம் உண்டு.

யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் இங்கே நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும், கந்தையணிந்தவனுக்குக் காலடியும் காட்டிய சபையையே அவர் கண்டிக்கிறார். முன்வரிசைக்கு ஒரு விலை, தூண் மறைக்கும் இருக்கைக்கு வேறொரு விலை என்னும் கச்சேரி ஒழுங்கு அக்கண்டனத்துக்கு எட்டாத தொலைவில் இல்லை. ஆராதனையை மட்டும் தூயதாகக் காட்டித் தப்பிக்கவும் வழியில்லை. ஆங்கிலத் திருச்சபையின் ஆலயங்கள் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் ஞாயிறு ஆராதனைக்குரிய இருக்கைகளை வாடகைக்கு விட்டன அல்லவா? கச்சேரியின் சோதனை, ஆராதனையின் பழைய சோதனையே.

இவ்வாலயம் தாங்கும் பெயரிலேயே அதற்கு விடை உண்டு. தூர்ஸ் நகர மார்ட்டின், குளிரில் நடுங்கிய இரவலனுக்குத் தம் பெட்டியில் மிஞ்சிய துணியை எடுத்துத் தரவில்லை. தாம் போர்த்தியிருந்த மேலாடையையே இரண்டாகக் கிழித்துப் பகிர்ந்தார் என்பது மரபு. கச்சேரியில் மிஞ்சிய பணத்தை ஏழைக்குத் தருவது நன்று. அது மிச்சத்தைத் தருவது. பகலில் உதவி நாடி வந்தவர், மாலையில் அதே ஆலயத்தில், தூணுக்குப் பின்னால் அன்றி நடுவரிசையில், விருந்தினராய் அமர்ந்து இசை கேட்கக் கூடுமானால் அதுவே மேலாடையைப் பகிர்வதாகும். ஆலயத்தை அரங்காக்க விரும்பும் எந்தச் சபையும், இசைநிரலை ஆராயுமுன் இருக்கைகளின் வரைபடத்தை ஆராய்வதாக.