செந்நெறிச் சமூகவியலும் தீவகச் சமூகமும்: ஒரு விமர்சன நோக்கு

ஓகஸ்ட் கொம்ட் 1839ஆம் ஆண்டில் 'சமூகவியல்' என்னும் பெயரை அச்சிலே வழங்கினார் என்பதிலிருந்தே இவ்வியலின் வரலாறு எமது மாணவருக்குக் கற்பிக்கப்படுகின்றது. பிரெஞ்சுப் புரட்சியும் கைத்தொழிற் புரட்சியும் குலைத்துவிட்ட ஒழுங்கினை மீள நிறுவவல்ல அறிவைத் தேடியவர் அவர். தேடலின் சூழல் ஐரோப்பாவினுடையது. அதன் முடிவுகளோ எமக்கு உலகப் பொதுவிதிகளாக வந்து சேர்ந்தன. ஹென்றி மெயின் 1861இல் மனித உறவுகள் தகுதிநிலையிலிருந்து ஒப்பந்தத்தை நோக்கிச் செல்கின்றன என்றார். தொனீஸ் 1887இல் உறவுவழிச் சமூகத்தையும் நலன்வழிச் சமூகத்தையும் எதிரெதிரே நிறுத்தினார். டேர்க்கைம் 1893இல் பொறிசார் ஒருமைப்பாடு, உறுப்புசார் ஒருமைப்பாடு எனப் பிரித்தார். பெயர்கள் வேறாயினும் கதை ஒன்றே. பழைய சமூகம் ஒரு கரையில், புதியது மறுகரையில்.

இக்கதையை யாழ்ப்பாணத் தீவகத்தில் வைத்து நோக்கினால் அது எவ்வளவு தூரம் நிற்கும்?

டேர்க்கைமின் அளவுகோலையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஒருமைப்பாடு கண்ணுக்குப் புலப்படாதது. ஆதலால் சட்டத்தை அதன் குறியீடாகக் கொள்ளலாம் என்பது அவர் முறை. தண்டிக்கும் சட்டம் மேலோங்கினால் பொறிசார் ஒருமைப்பாடு. இழப்பை ஈடுசெய்யும் சட்டம் மேலோங்கினால் உறுப்புசார் ஒருமைப்பாடு. இனி, ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த தேசவழமையை நோக்குக. முதுசொம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி, அடைமானம், கடன், காணி விற்பனை ஆகியனவே அதன் பெரும்பகுதி. டேர்க்கைமின் கணக்கின்படி வேலணையும் புங்குடுதீவும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 'நவீன' ஒருமைப்பாட்டை எய்திவிட்டன! குற்றவியல் அதிகாரத்தை ஒல்லாந்தர் தம்மிடமே வைத்துக்கொண்டு, குடியியல் வழக்குகளைத் தீர்ப்பதற்காகவே இத்தொகுப்பைச் செய்வித்தனர் என்று மறுப்புரைக்கலாம். மறுப்பு நியாயமானதே. ஆனால் அதனால் வீழ்வது அளவுகோல்தான். ஆட்சியாளர் தமக்கு வகுத்துக்கொண்ட அதிகாரப் பங்கீட்டை அது அளக்கின்றது. சமூகத்தின் ஒருமைப்பாட்டை அன்று.

மெயினின் விதியும் இங்கு நேராக ஓடவில்லை. ஒற்றிக்கும் கடனுக்கும் விதி கூறும் அதே தொகுப்புத்தான் கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகியோரை அடிமைகள் என்ற தலைப்பின்கீழ் நிறுத்துகின்றது. ஒப்பந்தமும் தகுதிநிலையும் ஒன்றன்பின் ஒன்றாக வரவில்லை. ஒரே கையேட்டில் அருகருகே கிடக்கின்றன. காணியை ஒற்றி வைக்கும் சுதந்திரம் உடையவனின் வயலில் வேலை செய்தவன் அச்சுதந்திரம் அற்றவன். தொகுப்பைச் சரிபார்த்தோர் 12 முதலியார்கள். அடிமையெனக் குறிக்கப்பட்டவர் ஒருவரிடமேனும் 'உமது வழமை யாது?' என்று கேட்கப்படவில்லை. 1806இல் பிரித்தானியர் இதற்குச் சட்டவலு அளித்தனர். அடிமைமுறை 1844இல்தான் ஒழிக்கப்பட்டது. எமது சமூகத்தைப் பற்றிய முறையான எழுத்தறிவு, கொம்ட் பெயர் சூட்டுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, ஆள்வோரின் தேவைக்காகவும் காணியுடையோரின் வாய்மொழியாகவும் உருவாகியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

மார்க்சுக்கும் இவ்விடத்தில் விலக்களித்தல் முற்போக்காளருக்கு அழகன்று. 1853இல் இந்தியா பற்றி எழுதியபோது அவர் கண்ட தன்னிறைவுக் கிராமம் தீவகத்திற் கிடையாது. ஊர்காவற்றுறை கப்பற்றுறை, யானையும் சங்கும் கடல்கடந்து சென்ற பிரதேசம் இது. ஆயினும் 'உடைமை யாரிடம்?' என்ற அவரது வினா இல்லாமல் தீவகத்தை விளங்கிக்கொள்ள இயலாது. இங்கு ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லின்மேல் மெல்லிய படலமாக நன்னீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். இத்தகைய நிலத்தில் நன்னீர்க் கிணறு என்பது உற்பத்திச் சாதனம் மட்டுமன்று, உயிர்ச் சாதனமுமாகும். குடாநாட்டிற் போலவே தீவகத்திலும் சாதியின் பெயரால் கிணறுகள் மூடப்பட்டிருந்தன. கிணற்றின் ஓரத்தில் குடத்தை வைத்துவிட்டு, மற்றொருவர் அள்ளி ஊற்றும்வரை காத்துநின்ற பெண்ணுக்கு 'ஒருமைப்பாடு' என்ற சொல் எதனை உணர்த்தியிருக்கும்? டேர்க்கைமின் நூலில் அவளுக்கு இடமில்லை. எமது பாடத்திட்டத்திலும் இல்லை என்பதே எனது முறைப்பாடு.

வெபரிடம் வருவோம். இந்துக்களின் மறுமை நோக்கும் சாதி ஒழுக்கமும் பகுத்தறிவுசார் முதலாளித்துவம் தானாக முளைக்கத் தடையாயின என்பது அவர் வாதம். காரைநகரிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் வேலணையிலிருந்தும் கொழும்புக்கும் தென்னிலங்கை நகரங்களுக்கும் சென்று கடை வைத்தோரை அவர் அறியார். உறவினர் வீட்டுப் பையனைக் கடைக்கு எடுத்து, தொழில் பழக்கி, பின்னர் தனிக்கடை வைத்துக்கொடுக்கும் முறையில் உறவும் கணக்கும் பிரிக்கவொண்ணாதவை. இலாபத்தின் ஒரு பகுதி கும்பாபிடேகத்துக்கும் சீதனத்துக்கும் கல்வீட்டுக்கும் ஊர் திரும்பியது உண்மை. வெபரியர் இதனைச் சுட்டி வெற்றி கொண்டாடலாம். ஆனால் 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் கடைகள் எரிந்ததையும் கணக்கிற் சேர்க்கவேண்டும். ஊரிலே கட்டிய வீடே பாதுகாப்பான முதலீடு எனக் கருதுவதற்கு மறுமை நோக்கு வேண்டியதில்லை.

கெனத் டேவிட் 1970களில் யாழ்ப்பாணம் பற்றி எழுதியபோது நிலத்தோடு கட்டுண்ட சாதியுறவையும், கட்டற்ற வணிக, கைவினை உறவையும் வேறுபடுத்தியமை இவ்வகையில் ஒரு முன்னேற்றமே. இரண்டும் ஒரே காலத்தில் இயங்கின என்பதை அவர் கண்டார். ஆனால் ஒரே குடும்பத்தின் கடையிலும் காணியிலும் அவை ஒருங்கே இயங்கக்கூடும் என்ற கோணம் இன்னும் விரிவாக ஆராயத்தக்கது.

1990களின் தொடக்கத்தில் போர் தீவகத்தைப் பெரிதும் வெறுமையாக்கியது. இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் ஊர்ச் சங்கங்கள் இயங்குகின்றன. தொனீஸ் பிரித்த இரண்டும் ஒரு மண்டபத்தில் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன: யாப்பு, செயலாளர், வங்கிக் கணக்கு ஒருபுறம், திருமணப் பேச்சில் மெல்லக் கேட்கப்படும் 'ஆர் ஆக்கள்?' மறுபுறம். ஊரில் உரிமையாளர் இல்லாத காணிகள் பற்றைபிடித்துக் கிடக்கின்றன. அவை விலைக்கு வரும்போது பங்காளிக்குரிய முன்வாங்கும் உரிமையைத் தேசவழமை இன்றும் காக்கின்றது. அக்காணிகளில் தலைமுறைகளாக உழைத்துக் குடியிருந்தோருக்கு அதில் ஒரு வரியும் இல்லை.