கோதுமையிலும் புழுங்கல் உண்டு!

காரமடையில் உட்கார்ந்துகொண்டு துருக்கிச் சமையல் கற்றுக்கொள்கிறேன் என்றால் சிரிப்பீர்கள். மாசித் தேருக்கும் கறிவேப்பிலைத் தோட்டத்துக்கும் பேர்போன ஊரில் உனக்கு எதற்கய்யா இஸ்தான்புல் வேலை என்பீர்கள். நியாயம்தான். ஆனால் எங்கள் தெருவில் ஞாயிறுதோறும் ஒரு வீட்டு மொட்டைமாடியில் பத்துப் பதினோரு பேர் கூடிச் சமைக்கிறோம். ஆளுக்கொரு சாமான், பொது அடுப்பு. கையில், எங்கிருந்தோ எடுத்த சமையல் குறிப்பு.

இந்தக் குறிப்பு என்கிற சங்கதியைப் பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் புலம்ப வேண்டும்.

முதல் வாரம் மெர்ஜிமெக் சோர்பா. மைசூர் பருப்பும் வெங்காயமும் வேகவைத்துக் கடைந்து, வெண்ணெயில் மிளகாய்த்தூளைப் பொரித்து மேலே ஊற்றுவது. “ஏனுங்க, இது நம்ம பருப்புத் தண்ணிதானுங்க!” என்றார் ஒருவர். அடுத்த வாரம் அய்ரான். தயிர், தண்ணீர், உப்பு. “மோரு!” என்று எல்லோருமே கத்திவிட்டோம். கத்திரிக்காயை வெங்காயம், தக்காளி அடைத்து எண்ணெயில் வதக்கும் ‘இமாம் பயில்டி’ வந்தபோதும் அதே கதை. ‘இமாம் மயங்கி விழுந்தார்’ என்று பொருள். ருசியில் மயங்கினார் என்று ஒரு கதை, ஆலிவ் எண்ணெய் ஆன கணக்கைக் கேட்டு மயங்கினார் என்று இன்னொரு கதை. பி.காம் படித்தவன் என்பதால் நான் இரண்டாவது கட்சி.

எதைப் பார்த்தாலும் ‘நம்மளுதுதானே’ என்று சொல்லிவிட்டால் கற்றுக்கொள்ளும் வேலை மிச்சம். அந்தத் திமிரை உடைத்தது கிஸிர்.

கிஸிர் என்பது புல்குர் என்னும் கோதுமைக் குருணையில் தக்காளி விழுது, எலுமிச்சை, தழை எல்லாம் போட்டுப் பிசைவது. அடுப்பே வேண்டாம், வெந்நீர் ஊற்றி மூடினால் போதும். எங்கள் குறிப்பில் ‘புல்குர் அல்லது சம்பா கோதுமை ரவை’ என்றிருந்தது. ஊற்றினோம், மூடினோம். அரை மணி கழித்து வாயில் போட்டால் மணல் மாதிரி நறநற!

ஓரமாக உட்கார்ந்திருந்த ஆத்தா ஒரு வாய் மென்று பார்த்தார். வயது 78. “பச்சை ரவைடா கண்ணு. அவிச்சுக் காயப்போட்டு ஒடச்சிருக்கோணும். நெல்லு அவிக்கறதில்லயா?”

அவ்வளவுதான் சமாசாரம். புல்குர் ஏற்கெனவே வெந்த கோதுமை. முழுசாக அவித்து, உலர்த்தி, உடைத்தது. அரிசியில் புழுங்கல் போல. குறிப்பு எழுதியவர் ‘அல்லது’ என்ற ஒரே வார்த்தையில் அந்த வேலை முழுவதையும் விழுங்கிவிட்டார். துருக்கி பார்த்திராத ஆத்தாவுக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. மறுவாரம் சம்பா கோதுமையை அவித்து, மாடியில் காயவைத்து, திருகையில் உடைத்தோம். கிஸிர் உதிரியாக வந்தது.

இன்னொரு குறிப்பு, ‘கெஷ்கெக்: 4 பேருக்கு, குக்கரில்’. கோதுமையும் கறியும் சேர்த்துக் குழைய வேகவைப்பது. தேடிப் படித்தால், 2011-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த சமையல் அது! துருக்கியில் கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் ஊரே கூடிச் செய்வது. முதல் நாள் கோதுமையைப் பிரார்த்தனையோடு கழுவி, மேளமும் குழலும் முழங்கக் கல் உரலில் குத்துவார்கள். ராத்திரி முழுக்கப் பெரிய அண்டாவில் வேகும். மறுநாள் வாட்டசாட்டமான இளவட்டங்கள் மரக்கட்டையால் அடித்துக் குழைப்பார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து செய்கிற வேலை. யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது அந்தக் கூட்டத்தையும் சேர்த்துத்தான். ரமலானில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதையும் நான்கு பேருக்குக் குக்கரில் வைக்கலாம். பசி தீரும். ஆனால் அதை நோன்புக் கஞ்சி என்று சொல்ல மனசு வருமா?

இதையெல்லாம் நான் ஆவேசமாகச் சொல்லி முடித்தபோது ஆத்தா கேட்டார்: “துருக்கிக்காரன் எழுதி வெச்சுட்டான், சரி. நீங்க சந்தகைய எழுதி வெச்சிருக்கீங்களா?”

பதில் இல்லை. நாங்கள் சாப்பிட்டு வளர்ந்த சந்தகை. அரிசி எவ்வளவு நேரம் ஊற வேண்டும், மாவு எந்தப் பதம், எத்தனை சூட்டில் பிழிந்தால் அறுந்துபோகாது... ஒருத்தருக்கும் முழுதாகத் தெரியவில்லை. ஒருவர் பிடிக்க, ஒருவர் அழுத்த வேண்டிய பலகாரம் அது. வீட்டில் ஆள் குறைந்ததும் அதுவும் குறைந்துபோயிற்று. மீனாட்சி அம்மாள் 1951-இல் ‘சமைத்துப் பார்’ எழுதினார். தனிக்குடித்தனம் போன எத்தனையோ பெண்களுக்கு அந்தப் புத்தகம்தான் மாமியார். ஆத்தாவின் அளவெல்லாம் அவர் உள்ளங்கையில் இருக்கிறது. அதற்கு அச்சுப் பிரதி கிடையாது.

துருக்கியை விடச் சொல்லவில்லை. அதைக் கற்கப் போனதால்தான் இது உறைத்தது. உங்கள் வீட்டிலும் ஓர் ஆத்தா இருப்பார். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு ஆழாக்கு எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அவர் ‘ஒரு கை’ என்றால், அந்தக் கையை நிறுத்தி, ஆழாக்கில் கொட்டி அளந்து எழுதுங்கள்.

வரும் ஞாயிறு எங்கள் மாடியில் சந்தகை. அழுத்துவதற்கு ஆள் தேவை.